மருதாணிக்காரி உசுரோட இருக்கா

மொதல்ல சொன்னது எம் மக சத்யப்பிரியாதான் தாயி. இன்னைக்குக் காலைல, வாசத் தெளிச்ச கை ஈரங்கூடக் காயல. அம்மா, செத்தது அது இல்ல, அது உரிச்சுப் போட்ட சட்டை, பாம்பு உரிக்கும்ல, அந்த மாதிரி இதுவும் உரிக்குமாம், போன்ல தேடிப் பாத்துட்டேன், நீ அழுவாதேங்கா. அவள சாத்தூர்ல குடுத்திருக்கு. பாம்பு சட்டை உரிக்கும்னு எனக்குத் தெரியாதா? எங்க கொல்லைல எத்தன சட்டை பொறக்கிப் போட்டிருக்கேன். பூச்சி உரிக்கும்னு யாரு கண்டா?

ஆமா, இந்தப் பையிலதான் இருக்கு. ஐயோ, எந்திரிக்காத, உக்காரு தாயி. மூடிய முறுக்கி, அதுக்கு மேல துணியக் கட்டியிருக்கேன். ஒண்ணும் பண்ணாது. எட்டுக்கால் பூச்சிதான். ஆமா, சிலந்திதான், ஆனா நம்ம வீட்டு மோட்டுல ஒட்டடை கட்டுமே, அந்தச் சாதி இல்ல. இது மரத்துல குடியிருக்கது. கடலு தாண்டி எங்கயோ பெரிய காடாம், அங்க மரப்பொந்துல கூடு கட்டி இருக்குமாம். விரிஞ்சு உக்காந்தா என் உள்ளங்கைல பாதி வரும். உடம்பெல்லாம் பூனக்குட்டி மாதிரி கருகருன்னு ரோமம், கால் நுனி மட்டும் ரோசு கலரு. ராத்திரி மருதாணி வச்சுக் காலைல கழுவுனா இருக்குமே, அந்த நெறம். அதான் நான் மருதாணிக்காரின்னு கூப்பிடுவேன். எம் மவன் இங்கிலீசுல என்னமோ பேரு வச்சிருந்தான். என் வாயில நொழையல.

காட்டவா? வேணாமா? சரி, வேணாம். பயந்தவுகளுக்குக் காட்டக் கூடாது.

ராஜபாளையத்துக்குத்தான். போயிட்டு வாரேன். எங்க ஊரு மகாராஜபுரம், வத்திராயிருப்புக்கு அங்கிட்டு. கெடச்ச பஸ்ஸப் புடிச்சு ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்கி, இந்த வண்டில ஏறுனேன். நீ எடங் குடுக்கலைன்னா நின்னுக்கிட்டுத்தான் வந்திருப்பேன், இதயும் கையில வச்சுக்கிட்டு. நல்லாருப்ப.

எம் மவன் அங்க ஒரு மில்லுல ஃபிட்டரு. பாலகணேசு. ரெண்டு புள்ளைல சின்னவன். சிஃப்ட் வேல, அதனால அங்கனயே ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். அவங்கிட்டதான் தாயி இதச் சொல்லணும். பூச்சி சாகலன்னு சொல்லணும். போன எடுக்க மாட்டேங்கான். செவ்வாக்கெழம ராத்திரில இருந்து எடுக்க மாட்டேங்கான். நானும் அடிக்கேன், அடிக்கேன். ரிங் போகுது. போயிக்கிட்டே இருக்கு.

கோவமா? கோவமா இருந்தா எம்புட்டு நல்லாருக்கும். அவன் கோவமா இருக்கணும்னுதான் பெருமாளக் கும்பிட்டுக்கிட்டு வாரேன்.

இல்ல தாயி, உனக்கு வெளங்கல. யாருக்கும் வெளங்காது. ஒரு பூச்சிக்குப் போயா இந்தப் பாடுன்னு தோணும். பக்கத்து வீட்டுச் செல்லக்கனியும் அதத்தான் கேப்பா. ஏட்டி, ராஜபாளையத்துல வேல பாக்கவன் நாயில்ல வளப்பான், ஊரே பேரு வாங்குன நாயி, உம் மவன் பூச்சிய வளக்கான், நாளைக்கு அது கொலைக்குமா, திருடனப் புடிக்குமான்னு. நானும் சிரிச்சுக்கிடுவேன். மொதல்ல எனக்கும் ஆகல. பயம், அருவருப்பு, எல்லாந்தான்.

எப்படி வந்துச்சுன்னா, போன ஆடில எம் மவனுக்கு ஒடம்பு முடியாமப் போச்சு. காய்ச்சல்னு வச்சுக்கோயேன். மதுரைல பெரிய ஆஸ்பத்திரில கெடந்தான். வீட்டுக்குக் கூட்டியாந்த பொறவும் சொவத்தப் பாத்துப் படுத்தவன்தான், இந்தப் பக்கம் திரும்பல. கஞ்சி குடுத்தா ரெண்டு வாயி. பேசுனா ம். அவிய அப்பா தவறி ஆறு வருசம் ஆச்சு, ஆம்பள இல்லாத வீடு, யாருகிட்ட சொல்லி அழ? பூசை ரூம்ல உக்காந்து அழுதேன். அக்கம்பக்கத்துல வந்து, தம்பி எப்படி இருக்கான்னு கேட்டா, தேறிட்டான்னு சொல்லிச் சிரிக்கணும்.

அப்பத்தான் கௌதம்ராசுன்னு ஒரு பையன், இவங்கூட ஐடிஐ படிச்சவன், இப்பக் கோயம்புத்தூர்ல இருக்கான், அவன் வந்தான். கையில ஒரு மருந்து பாட்டிலு. எதுக்குடா இந்த வீட்டுக்குள்ள பாட்டிலோட வாரன்னு மறிச்சேன். உள்ள பச்சப்பயறு தண்டிக்கு ஒரு பூச்சி. மாப்ள, இதுக்கு டெய்லி தண்ணி தெளிக்கணும், நாள் தவறுனா காஞ்சு செத்துரும், என்னால முடியல, நீ பாத்துக்கோன்னான். அம்புட்டுத்தான். தட்டிக் குடுக்கல, புத்தி சொல்லல. பாட்டில கட்டில் ஓரத்துல வச்சிட்டு எங்கிட்டக் காப்பி வாங்கிக் குடிச்சிட்டுப் போயிட்டான்.

அப்பத்தான் தாயி திரும்பினான். சொவத்துப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் திரும்பி, அந்த பாட்டிலப் பாத்தான். சாயந்தரம் எந்திரிச்சு, அம்மா, துணி தேய்க்கிறவுக தண்ணி அடிப்பாங்கள்ல, அந்த மாதிரி ஒண்ணு வேணும்னான். அந்தப் பூச்சிய நான் அன்னைக்கே கும்பிட்டுட்டேன்.

பொறவு அது வளந்துச்சு, இவனும் தேறி வேலைக்குப் போனான். கூடவே எடுத்துட்டுப் போனான். ரூம்ல கூட இருக்கது பிரேம்குமார்னு ஒரு பையன், தங்கமானவன்தான், ஆனா பூச்சி பெருசா வளரவும், அது இருந்தா நான் பஸ் ஸ்டாண்டுல போயிப் படுத்துக்கிடுதேன்னுட்டான். அதனால எம் மவன் மாசில அத எங்கிட்டக் கொண்டாந்து விட்டுட்டான். பூசை ரூம்லதான் வச்சிருந்தேன். வீட்டுலயே அதுதான் குளுந்த எடம். பெருமாள் படத்துக்குக் கீழ் தட்டுல, இந்த டப்பா, உள்ள ஒரு மரப்பட்டை. அவன் சொன்னதெல்லாம் செஞ்சேன். வெள்ளிக்கெழம சாம்பிராணி போடுறத அந்த ரூம்ல நிறுத்திட்டேன், பொகை ஆகாதுன்னான். கொசுவத்தி கொளுத்தல, கொசு என்னயப் புடுங்கி எடுத்துச்சு.

சாப்பாடா? அத ஏன் கேக்க. உசுரோட இருக்கதத்தான் திங்கும். கரப்பாங்குஞ்சு, சின்ன வெட்டுக்கிளி. நான் எறும்பு வரிசையத் தாண்டி மிதிக்கிறவ தாயி. இந்தக் கையால ஒரு உசுரப் புடிச்சு இன்னொரு உசுருக்குக் குடுக்கணும். கண்ண மூடிக்கிட்டு, நாராயணா, இது யாரு பாவத்துல எழுதுவியோ எழுதிக்கோன்னு மூடியத் தொறந்து போட்ருவேன். சனிக்கெழம மட்டும் முடியாதுன்னு சொல்லிட்டேன். எனக்கு வெரதம்னா அதுக்கும் வெரதம். எம் மவன் சிரிச்சான். அம்மா, ஒலகத்துலயே பெருமாளுக்கு வெரதம் இருக்க பூச்சி இது ஒண்ணுதான்னு. அவன் சிரிச்சு அப்பத்தான் பாத்தேன், எம்புட்டோ நாளுக்குப் பொறவு.

ஞாயித்துக்கெழம ஆனா வந்துருவான். மழையோ வெயிலோ. வந்ததும் எனக்குக்கூட அப்பறந்தான், மொதல்ல அங்கதான் போவான். டப்பா முன்னால சம்மணம் போட்டு உக்காந்து பேசிக்கிட்டு இருப்பான். கொரலு கேக்கும், வார்த்த கேக்காது. என்ன கஷ்டம்னு எங்கிட்டச் சொன்னதில்ல, அவிய அக்காகிட்டச் சொன்னதில்ல. அதுக்கிட்டச் சொல்லியிருப்பான். ஒருநாளு நான் கேட்டுட்டேன், ஏலே, பெத்தவகிட்டச் சொல்லாதத அதுக்கிட்ட என்னலே சொல்லுதன்னு. சொன்னான். அம்மா, நான் இல்லன்னா நீங்கள்லாம் அழுதுட்டு இருந்துக்கிடுவீங்க, இதால முடியாதும்மா, இதுக்கு நான் வேணும்னு.

பாத்தியா, என்ன வார்த்த. எங்களுக்கு அவன் வேண்டாமாம்ல.

மடவார்வளாகம் தாண்டிருச்சா? இந்தக் கண்டக்டரு ஆளுக ஏறி முடிக்கும் முன்ன விசில் அடிக்க மாட்டாரா இன்னைக்கு? எல்லா நாளும் பறப்பாங்க.

ம், செவ்வாக்கெழம. அதச் சொல்லிட்டு இருந்தேன்ல. ரெண்டு மூணு வாரமாவே அது திங்கல. மேல மூலைல கெட்டியா வலையக் கட்டிக்கிட்டு உள்ள போயிருச்சு. தண்ணி தெளிச்சாலும் வரல. ஞாயித்துக்கெழம இவன் வந்தவன், விடும்மா, சில சமயம் அப்படித்தான், தொந்தரவு பண்ணாதன்னான். ஏன்னு அவனும் சொல்லல, நானும் கேக்கல. கேட்டிருக்கலாம். செவ்வாக்கெழம சாயந்தரம் வெளக்கேத்தப் போனேன். டப்பாவுக்கு அடியில கெடக்கு தாயி. எட்டுக் காலும் சுருட்டிக்கிட்டு, ரோமமும் மருதாணியும் அப்படியே இருக்கு. கூப்பிட்டேன். ஊதினேன். எடுத்தா எடையே இல்ல, காஞ்ச பூ மாதிரி. பட்டினில வத்திப் போச்சுன்னு நெனச்சேன். சனிக்கெழம வெரதம்னு போடாம விட்டோமே, அதான் கொன்னுபுட்டோம்னு நெனச்சேன்.

எங்க பக்கம் சாவுச் சேதிய அமுக்கக் கூடாது. அடுப்புல கொதிச்சுக்கிட்டு இருந்தாலும் எறக்கி வச்சிட்டுச் சொல்லி விட்ரணும். சம்பந்தப்பட்டவுகளுக்குச் சொல்லாம ஒரு வாய் சோறு உள்ள போகக் கூடாது. எங்க மாமியா செத்தப்ப அப்படித்தான், அவிய தம்பி மூணாறு எஸ்டேட்டுல, ஆள் விட்டுச் சொன்ன பொறவுதான் எங்களுக்குப் பச்சத் தண்ணி. அந்தப் பழக்கந்தான். ஒரு நிமிசம் யோசிக்கல. மேல வலைக்குள்ள எட்டிப் பாக்கல. அப்பவே போனப் போட்டு, ஐயா, மருதாணிக்காரி போயிட்டாய்யான்னு சொல்லிட்டேன்.

அவன் அழல. மில்லு மிசினு ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. பொறவு ரெண்டு வார்த்த பேசிட்டு வச்சிட்டான்.

நான் குளிச்சேன். தலைக்கு ஊத்திக்கிட்டேன், துட்டி வீட்டுக்குப் போயிட்டு வந்தா ஊத்துவோமே, அப்படி. ஒரு வெள்ளத் துணில சுத்திச் செம்பருத்திச் செடிக்கடில பொதச்சேன். சிரிக்காத தாயி. இல்ல, நீ சிரிக்கல, தெரியுது. பால் ஊத்துனேன். ஊத்தும்போது தெக்காம திரும்பி, அங்கனருந்து நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை பெருமாளு மலை எந்தப் பக்கம்னு எனக்கு மனசுல தெரியும், அந்தப் பக்கம் பாத்துக் கும்பிட்டேன். பெருமாளே, எம் மவனுக்காக இத மட்டும் திருப்பிக் குடுத்துரு. பதிலுக்கு என்ன வேணும்னாலும் எடுத்துக்கோ.

என்ன வேணும்னாலும்னு சொல்லிட்டேன். என்னய எடுத்துக்கோன்னுல்ல சொல்லியிருக்கணும்? பேரு சொல்லிக் கேக்க வேணாமா? எத்தன வருசமாக் கும்பிடுதேன், இது தெரியல எனக்கு.

ஏன்னா குடுத்துட்டாரே. திருப்பிக் குடுத்துட்டாரு. சாவு வீட்டுச் சாமானத்த மூணாம் நாளு வரைக்கும் கழுவ மாட்டோம்ல, அதனால டப்பாவ அன்னைக்குக் கழுவல. கழுவியிருந்தா வெந்நிய ஊத்தித்தான் கழுவியிருப்பேன். இன்னைக்குத்தான் மூணாம் நாளு. காலைல டப்பாவ எடுத்து அந்த வலையப் பிய்க்கப் போறேன், உள்ளருந்து ஒரு காலு வெளிய வந்துச்சு. புதுசா, பளபளன்னு, அப்பத்தான் மருதாணி வச்ச மாதிரி. கத்திட்டேன். செல்லக்கனி ஓடி வந்துட்டா. செத்தது திரும்பி வந்திருக்குன்னு சத்யாவுக்கு அடிச்சேன். அப்பத்தான் அவ சொன்னா, சட்டை உரிச்சதுன்னு.

எம்புட்டுச் சந்தோசம் தாயி. உடனே மவனுக்கு அடிக்கேன். எடுக்கல. நேத்தும் எடுக்கல, துக்கத்துல இருப்பான்னு விட்டேன். இன்னைக்கு நல்ல சேதில்ல, எடுடா எடுடான்னு அடிக்கேன். எடுக்கல. பிரேம்குமாருக்கு அடிச்சேன். அவன் என்ன சொல்லுதான்னா, அம்மா, அவன் முந்தாநேத்து சாயந்தர சிஃப்ட்டுல பாதில எறங்கிப் போனவன், ரூமுக்கு வரலம்மா, நான் உங்க ஊருக்குத்தான் வந்திருக்கான்னு நெனச்சேங்கான்.

இல்ல. வரல. எங்க ஊருக்கு வரல.

சத்யா வீட்டுக்காரரு காலைலயே வண்டிய எடுத்துட்டு ராஜபாளையம் வந்துட்டாரு. ஸ்டேசன்ல சொல்லிட்டு, பிரேம்குமாரையும் கூட்டிக்கிட்டுத் தேடுதாரு. அத்தை, நீங்க வீட்லயே இருங்க, அவன் அங்க வந்தாலும் வருவான்னாரு. செல்லக்கனிய வீட்ல உக்கார வச்சிட்டு நான் கெளம்பிட்டேன். இது இல்லாம யாரு போயி நின்னு சொன்னாலும் அவன் நம்ப மாட்டான். சமாதானம் சொல்லுதாங்கன்னு நெனைப்பான். கண்ணால பாக்கணும். சத்யா போட்டோ எடுக்கச் சொல்லி வாட்சப்புல அனுப்பியிருக்கா. ஒத்த டிக்குதான் விழுந்திருக்காம். நெட்ட அமத்தி வச்சிருக்கானாம். மெசேஜும் போட்டிருக்கா. அவன் பாத்தானோ என்னமோ.

ஆனா ரிங் போகுது தாயி. ஒண்ணு கேக்கேன், நீ படிச்ச புள்ள, சொல்லு. சார்ஜ் போடாம ஒரு போனு செவ்வாக்கெழமல இருந்து இன்னைக்கு வரைக்கும் நிக்குமா? நிக்காதுல்ல? என்னோடதுல்லாம் ஒரு ராத்திரி தாங்காது. அப்ப யாரோ சார்ஜ் போட்டிருக்கணும்ல? அவன்தான போட்டிருக்கணும்? நிக்காதுன்னு சொல்லு.

சில போனு நிக்குமா.

சரி. பரவால்ல. நீ உண்மையத்தான சொன்ன.

பஞ்சு மார்க்கெட்டு வந்துருச்சு பாரு. நீ எங்க எறங்கணும்? பழைய பஸ் ஸ்டாண்டா? அப்பச் செத்த நேரம் இருக்கு.

உங்கிட்ட மறச்சு என்ன ஆகப் போகுது. போன ஆடில காய்ச்சல்னு சொன்னேன்ல. காய்ச்சல் இல்ல தாயி. ஊருக்குத்தான் காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கோம். அன்னைக்கு நான் கோயிலுக்குப் போயிருந்தேன், செல்லக்கனி கதவ ஒடச்சுத் தூக்கினா. அதுல இருந்து இவன் போனப் பேசி வைக்கும்போதெல்லாம், வாரேம்மா, ஞாயித்துக்கெழம வாரேம்மான்னுதான் வைப்பான். எனக்காகச் சொல்லுவான், நான் அந்த வார்த்தைக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்னு அவனுக்குத் தெரியும். செவ்வாக்கெழம அப்படிச் சொல்லல. சரிம்மா, போறேம்மான்னு வச்சிட்டான்.

நீ கண்ணத் தொடச்சுக்கோ. நான் அழல பாரு. எனக்கு ஒரு ஒத்தாசை மட்டும் செய்யி. எங்க நம்பரு, சத்யா நம்பரு, மாப்பிள்ள நம்பரு, எல்லாம் அவனுக்குத் தெரியும், எடுக்க மாட்டான். தெரியாத நம்பரு வந்தா எடுப்பான். பூச்சிக்கு மரப்பட்டை, அது இதுன்னு கூரியர்ல வரவழைப்பான், கூரியர்காரன்னு நெனச்சு எடுத்துருவான். உன் போன்ல இருந்து ஒரே ஒரு தடவ போடு. எடுத்தான்னா வேற எதுவும் கேக்காத, எங்க இருக்கன்னுகூடக் கேக்காத, வச்சிருவான். மருதாணிக்காரி உசுரோட இருக்கா, அம்மா பஸ்ல கொண்டு வாராங்க, அவளுக்குத் தண்ணி தெளிக்கணுமாம், இத மட்டும் சொல்லு. மருதாணிக்காரின்னு நான் ஒருத்திதான் கூப்பிடுவேன், அதனால நம்புவான்.

நம்பரு எனக்கு மனப்பாடம். சொல்லுதேன், போடு தாயி.